தோட்டத்து மணியும் நகரத்துத் தீக்காவலும்

பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் பொழுது புலர்ந்தது மணியோசையால். தோட்ட அலுவலகத்தின் முன்றிலிலோ, பால் ஸ்டோரின் ஓரத்திலோ ஓர் இரும்புத் துண்டு தொங்கும். பெரும்பாலும் அது பழைய தண்டவாளத்தினின்று வெட்டியெடுத்ததாக இருக்கும். விடியுமுன் அதனை அடித்தால் லயத்து மக்கள் எழுந்து பெரட்டுக்கு வந்து நிற்பர். அதற்கும் முந்திய தலைமுறையில் தப்படித்து எழுப்பினர். 'பெரட்டு' என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். ஆள் கணக்கெடுப்பதற்காக எழுந்த அம்மணிக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. பெரட்டு வேளையல்லாத வேளையில், நடுப்பகலிலோ நள்ளிரவிலோ, அஃது இடைவிடாது ஒலித்தால் தோட்டத்தில் ஏதோ ஆபத்து என்று பொருள். புகைக்கூண்டு தீப்பற்றியிருக்கலாம், லயத்தில் ஒரு வீடு எரிந்துகொண்டிருக்கலாம், பிள்ளை ஒன்று காணாமற் போயிருக்கலாம்.

இன்று ஈப்போ நகரத்து வாணிகக் கட்டடங்களில் எங்கேனும் புகை எழுந்தால், கூரையிற் பதித்த ஒரு சிறு கருவி அதனை உணர்ந்து, கம்பி வழியாகவோ வானொலி அலை வழியாகவோ தொலைவிலுள்ள ஒரு நிலையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. கள்வன் கதவைத் திறந்தாலும் அவ்வாறே. இதனைத் தொலைக் கண்காணிப்பு என்கிறோம். இதன் வரலாற்றை அமெரிக்க நகரங்களிலிருந்து தொடங்குவதே நூலோர் வழக்கம். பேராவைப் பொறுத்தவரை அதனைத் தோட்டத்து மணியிலிருந்து தொடங்குவதே முறையாகும். ஏனெனில், ஆபத்தை அறிவிக்கும் கருவி எதுவாயினும் அதனிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே: அது என்ன சொல்கிறது? யார் கேட்கிறார்? கேட்டவர் வந்தே தீரவேண்டுமா?

தோட்டத்து மணி சொன்னது மிகக் குறைவு. ஆபத்து என்று மட்டுமே சொன்னது. எங்கே என்றோ, எத்தகையது என்றோ சொல்லவில்லை. பொழுதல்லாப் பொழுதில் ஒலித்தது என்பது ஒன்றே அதன் இலக்கணம். ஆனால் கேட்டவர் எல்லோரும். பால்வெட்டுக் காட்டிலிருந்தவரும் கேட்டனர், அடுப்படியிலிருந்தவரும் கேட்டனர். கேட்டவர் வாளியுடன் ஓடிவந்தனர். எரிவது தம் வீட்டை ஒட்டிய வீடு என்னும்போது வராமல் இருப்பது எங்ஙனம்? லயம் என்பது ஒரே கூரையின்கீழ்ப் பல வீடுகளை வரிசையாகக் கொண்டது; பலகைச் சுவரே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைத்தடை. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது.

பறை அறிவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. திணைதோறும் ஒரு பறை உண்டு என்று தொல்காப்பியர் கருப்பொருளுள் பறையையும் வைத்தார். உரையாசிரியர் அவற்றின் பெயரையும் தந்தனர். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. ஒவ்வொன்றும் ஒரு தொழிலோடு பிணைந்தது. ஓசையைக் கேட்டவுடன் இன்ன செயல் என்று ஊரார் அறிந்தனர். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையிலுள்ள தழல், தட்டை, குளிர் என்பனவும் ஒலிக்கருவிகளே. அவை கிளிகளை நோக்கியவை. தோட்டத்தில் திணைப்பறைகள் பலவும் சுருங்கி ஒற்றை இரும்புத் துண்டாயின. அந்த ஓர் ஓசைக்கே பல பொருள். வேளைதான் அவற்றை வேறுபடுத்தியது.

'வந்தே தீரவேண்டுமா?' என்னும் மூன்றாவது கேள்விக்குப் பழைய நூல்களுள் தெளிவான விடை கூறுவது கௌடலியரின் அர்த்தசாத்திரம். நகரத் தலைவனின் கடமைகளைக் கூறும் பகுதியில், வீடுதோறும் நீர்ப்பானையும் ஏணியும் கோடரியும் கொக்கியும் வைத்திருக்கவேண்டும் என்கிறது அந்நூல். எரியும் வீட்டைக் காக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு பணமும், குடிக்கூலி இருப்பவனுக்கு ஆறு பணமும் தண்டம் விதிக்கிறது. உடையவனுக்கும் குடியிருப்பவனுக்கும் தண்டத்தில் வேறுபாடு வைத்த நுட்பம் பாராட்டத்தக்கது. இழப்பவன் யாரோ அவனிடமே மிகுதியான பொறுப்பு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த மலேசியச் சட்டமும் வேறு வழியால் இதே இடத்துக்கு வந்து சேர்வதைக் கீழே காணலாம்.

புகைக்கூண்டின் இயல்பு

தோட்டத்தில் மிகுதியாகத் தீக்கு இரையாகக் கூடிய கட்டடம் புகைக்கூண்டே. உறைய வைத்து உருளையிற் பிழிந்த ரப்பர்த் தகடுகளை மூங்கில்களிலோ மரச்சட்டங்களிலோ தொங்கவிட்டு, கீழே விறகெரித்து, மூன்று முதல் ஐந்து நாள் வரை புகையூட்டுவர். கூண்டின் உள்வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியஸ் வரை இருக்கும். தகடு ஒன்று நழுவி அடுப்பின்மேல் வீழ்ந்தால் போதும். ரப்பர் எரியத் தொடங்கினால் நீருக்கு எளிதில் அடங்குவதன்று. இரவெல்லாம் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பார். விறகு மிகாமலும் குறையாமலும் பார்ப்பதே அவர் வேலை. வெப்பம் மிகின் தகட்டில் குமிழி தோன்றித் தரம் கெடும். மேலும் மிகின் கூண்டே போய்விடும். ஆகவே அவர் பொருளின் தரத்துக்கும் காவல், கட்டடத்துக்கும் காவல். ஒரே கண்ணுக்கு இரண்டு வேலை.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருதுக. புகையை உணரும் கருவியை இக்கூண்டில் வைப்பதால் பயன் இல்லை. புகையே அங்கு வேலை. வெப்பத்தை உணரும் கருவியே பொருந்தும். அதிலும் சாதாரணக் கட்டடத்துக்குரியது ஆகாது. பொதுவாக வழங்கும் வெப்ப உணரி 57 பாகை அளவில் விழித்துக்கொள்ளும். புகைக்கூண்டிலோ அவ்வெப்பம் அன்றாட நிலை. ஓரிடத்தில் ஆபத்தின் அடையாளமாவது இன்னோரிடத்தில் தொழிலின் அடையாளம் ஆகும். இதனை அறியாது கருவியை மட்டும் வாங்கிப் பொருத்துவோர் எக்காலத்தும் உண்டு.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் தோட்டத்தின் காவல் முறையே மாறியது. புகைக்கூண்டுகளும் ரப்பர்ச் சரக்கும் கொளுத்தப்படும் பொருள்களாயின. சிதறியிருந்த லயங்கள் முள்வேலிக்குள் கூட்டப்பட்டன. ஊரடங்கு வந்தது. மணியோசையைக் கேட்டவர் ஓடிவருவதற்குத் தடை வந்த காலம் அதுவே எனலாம். வேலிக்கு வெளியே இரவில் தீ எழுந்தால், உள்ளிருப்போர் கண்டுகொண்டு நிற்கவேண்டும். ஆயுதம் ஏந்திய காவலரே செல்வர். கேட்பது வேறு, வருவது வேறு என்னும் பிரிவு முதன்முதலில் தோட்டத்துக்குள் நுழைந்தது இவ்வாறு.

ஈப்போவின் தீயும் ஜாகாவும்

இனி நகரத்துக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் எழுந்தது ஈப்போ. 1892ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீயில் ஊரின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அழிந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு நெருக்கமாகக் கட்டிய கடைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீயைக் கொடுத்தன. எரிந்த இடத்தில் நேரான வீதிகளுடன் ஊர் திருத்தமாக எழுந்தது. கோலாலம்பூரும் இதே பாடத்தைப் பதினோராண்டு முன்னர், 1881இல், கற்றிருந்தது. அங்கே 1880களில் செங்கல்லும் ஓடும் கட்டாயமாயின. 1883இல் தன்னார்வத் தீயணைப்புப் படை ஒன்றும் அமைந்தது. செங்கற்சுவரே அக்காலத்துத் தீக்காவல். அது யாருக்கும் செய்தி சொல்லாது. ஆனால் அடுத்த கடைக்குத் தீயைக் கொடாது.

வங்கிகளும் பெருங்கடைகளும் பெருகியபின் கள்வரச்சம் வந்தது. அப்போது ஈப்போவின் ஐந்தடிப் பாதைகளில் கயிற்றுக்கட்டிலுடன் தோன்றியவர் ஜாகா. பெரும்பாலும் சீக்கியர். கடை மூடிய பின் வாயிலிற் கட்டிலைப் போட்டுக்கொண்டு கையில் தடியுடன் இருப்பார். 'ஜாகா' என்னும் மலாய்ச் சொல் விழித்திருத்தல் என்னும் பொருளையுடைய வடசொல்லிலிருந்து வந்தது. சைவ சித்தாந்தம் பயின்றோர் ஐந்து அவத்தைகளுள் முதலதாகிய 'சாக்கிரம்' என்பதை அறிவர்; நனவு நிலை என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே வேரின் கிளைகள். கட்டிலில் கிடப்பவருக்கு 'விழித்திருப்பவர்' என்று பெயர் இட்டதைப் பார்த்து நகைத்தோரும் உண்டு. ஆயினும் அவர் அங்குக் கிடப்பதே காவல். கள்வன் அவரைத் தாண்டவேண்டும். தாண்டினால் ஓசை எழும். இன்றைய கதவு உணரியின் தத்துவமும் அதற்கு மேற்பட்டதன்று.

மலேசியர் தீயணைப்புத் துறையைப் 'பொம்பா' என்பர். அது போர்த்துகீசியச் சொல். நீரிறைக்கும் பம்பு என்பதே பொருள். காவலாளன் வடமொழியால் பெயர் பெற்றான். தீயணைப்போன் போர்த்துகீசியத்தால் பெயர் பெற்றான். தோட்டத் தமிழர் இரு சொல்லையும் தம் சொல்லாகவே ஆண்டனர்.

ஜாகா கடைக்காரருக்கு உரியவர். ஊருக்கு உரியவர் அல்லர். தோட்டத்து மணிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மணி எல்லோரையும் அழைத்தது. ஜாகா தம் முதலாளிக்காக விழித்தார். எதிர்க்கடையில் தீ எழுந்தால் அவரும் குரல் கொடுப்பார் என்பது மனிதத் தன்மையைச் சார்ந்தது, சம்பளத்தைச் சார்ந்ததன்று.

கம்பி பேசத் தொடங்கிய கதை

தீச்செய்தியைக் கம்பிவழி அனுப்பும் முறை முதலில் செயற்பட்டது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்னும் பொறியாளரும் அமைத்த தீத்தந்தி 1852 ஏப்ரல் 28ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. தெருவோரத்தில் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அவ்வெண் தந்திக் குறியாக நடுநிலையத்துக்குச் செல்லும். அங்கிருந்து ஊரின் மணிகள் ஒலிக்கப்படும். முன்னர் 'ஆபத்து' என்று மட்டுமே சொன்ன மணிக்கு 'இன்ன இடத்தில்' என்று சொல்லும் நா கிடைத்தது இவ்வாறு. தந்திக் கம்பியைப் பேரா அதற்குச் சிறிது பின்னரே கண்டது. 1876இல் கோலகங்சாரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லத்துக்கும் தைப்பிங்கில் இருந்த துணை ரெசிடெண்டின் இல்லத்துக்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டது. முதல் ரெசிடெண்டாகிய பெர்ச்சு பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட மறு ஆண்டு அது. ஆட்சிக்குரிய அச்சமே பேராவின் முதற் கம்பியை இழுத்தது என்று சொன்னால் மிகையாகாது. குடிகளின் தீக்காக அன்று.

கள்வரை அறிவிக்கும் கம்பியின் கதை இன்னும் சுவையானது. கதவு திறந்தால் மின்சுற்று முழுமையாகி மணியடிக்கும் அமைப்புக்கு 1853இல் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். எட்வின் ஹோம்ஸ் அதனை விலைக்கு வாங்கி வணிகமாக்கினார். வங்கிகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகளை ஒரு நடுநிலையத்துக்கு இழுத்து, அங்கே இரவெல்லாம் ஆள் இருத்தினார். 1877இல் கிரகாம் பெல்லின் தொலைபேசி வந்தபோது, பாஸ்டனில் அதற்கு ஆயத்தமாகக் கிடந்த கம்பி ஹோம்ஸ் நிறுவனத்தின் கள்வர்க் காவற் கம்பியே. பகலில் அதே கம்பியில் பேச்சு, இரவில் காவல். தொலைபேசி இணைப்பகம் காவற் கம்பியின் தோளேறிப் பிறந்தது. பின்னாளில் உலகெங்கும் காவற் செய்தி தொலைபேசிக் கம்பியின் தோளேறிச் சென்றது. ஈப்போவிலும் அங்ஙனமே.

மூன்றாவது துணை, தானே உணரும் கருவி. மனிதன் கண்டு கைப்பிடியைச் சுழற்றும்வரை பெட்டி ஊமை. 1890இல் எடிசனின் உதவியாளராகிய பிரான்சிஸ் அப்டனும் அவர் கூட்டாளியும் மின் தீயறிவிப்பானுக்குக் காப்புரிமை பெற்றனர். புகையுணரி பிறந்தது ஏறத்தாழத் தற்செயலாக. 1930களில் சுவிட்சர்லாந்தின் இயற்பியலார் வால்டர் யேகர் நச்சுவாயுவை அறியும் கருவி ஒன்றை அமைக்க முயன்றார். வாயுவுக்கு அது அசையவில்லை. அவர் பற்றவைத்த சிகரெட்டுப் புகைக்கு அசைந்தது. அவ்வழியில் எர்னஸ்ட் மைலி முதலியோர் உழைத்துப் பயன்படு கருவியாக்கினர். இத்துறையில் இன்னும் எழுதற்குரியது பல. ஈண்டு இதுவே அமையும்.

கம்பியின் உயிர் எங்குள்ளது என்பதை மட்டும் விரித்துரைக்கவேண்டும். ஏனெனில் காவலின் சாரம் அதில் அடங்கியது. கள்வன் கம்பியை அறுத்துவிட்டால் செய்தி எவ்வாறு செல்லும்? இதற்குக் கண்ட விடை எளியது, ஆழமானது. ஆபத்தில்லாத வேளையிலும் கம்பியில் ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டனர். கம்பியின் கடைசியில் ஒரு மின்தடை. உணரி விழித்தால் மின்னோட்டம் பெருகும், அது தீ. கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும்; அது பழுது. ஆகவே நடுநிலையத்தில் இருப்பவர் மூன்று நிலையை அறிவார்: நலம், தீ, பழுது. தோட்டத்து மணியால் இரண்டையே சொல்ல இயலும். ஒலித்தால் ஆபத்து, ஒலியாவிட்டால் நலம். அடிப்பவர் மயங்கிக் கிடந்தாலும் நலம் என்றே பொருள்படும்! மௌனத்தையும் ஐயுறுவதற்குக் கற்றது கம்பிக் காவலின் தனிச் சிறப்பு. இன்று கம்பிக்குப் பதிலாகக் கைப்பேசி அலைவரிசையோ இணையமோ இருப்பினும் முறை ஒன்றே. குறித்த இடைவெளியில் 'நலம்' என்னும் சிறு செய்தி வந்துகொண்டிருக்கவேண்டும். வாராதாயின் அதுவே எச்சரிக்கை.

சட்டம் வந்த வழி

மலேசியாவில் தீயணைப்புப் படைகள் நெடுங்காலம் ஊராட்சிகளின் கையில் இருந்தன. 1976 ஜனவரி முதல் நாள் அவை கூட்டரசின் துறையாக இணைந்தன. மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள், கோலாலம்பூரில் கேம்பல் வணிக வளாகம் பற்றியெரிந்தது. நாட்டின் முதல் பெரிய உயர்மாடித் தீ என்று அது பேசப்படுகிறது. ஏணி எட்டாத உயரம் என்பது என்னவென்று நாடு அன்று கண்டது. அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடமும் தீக்கு இரையாயிற்று. தமிழகத்தின் பெருமையாக 1959இல் எழுந்த பதினான்கு மாடி அது. 1972 நவம்பரில் சிங்கப்பூரின் ராபின்சன் பேரங்காடி எரிந்து ஒன்பதின்மர் மாண்டனர். நான்காண்டுக்குள் மூன்று நகரங்கள். உயரமாகக் கட்டக் கற்ற ஆசிய நகரங்கள் அவ்வுயரத்தைக் காக்கக் கற்றதற்கு முன் இருந்த இடைவெளி அது.

1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் இதற்கு எழுந்த மறுமொழியுள் ஒன்று. அதன் 238ஆம் விதி, பெரிய கட்டடங்களிலும் 30.5 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய கட்டடங்களிலும் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் வேண்டும் என்கிறது. தெளிப்பான்கள், நீரோட்ட உணரிகள், தீயறிவிப்புக் கருவிகள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் பலகை அங்கு இருத்தல் வேண்டும். கட்டடத்தின் உள் இணைப்பகத்தின் வழியாகச் செல்லாமல் உரிய தீயணைப்பு நிலையத்தோடு நேரே பேசும் தொலைபேசியும் இருத்தல் வேண்டும். இந்தக் கடைசித் தொடரே முதன்மையானது. அலுவலகத் தொலைபேசிப் பெண் இரவில் வீட்டுக்குப் போய்விடுவாள், தீ போவதில்லை.

1988ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டம் தீச்சான்றிதழைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் அச்சான்றிதழைப் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கௌடலியர் ஓடிவராதவனுக்குத் தண்டம் விதித்தார். இச்சட்டம் ஆயத்தமாக இராதவனுக்கு விதிக்கிறது. பொறுப்பு உடையவன்மீதே நிற்கிறது. துறையின் கண்காணிப்பு முறைக்கு முன்னர்க் கணினிவழித் தீயறிவிப்பு என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் வழங்கிற்று. பின்னர் 'சிஸ்தெம் பெங்காவாசான் கெபாகாரான் ஆட்டோமாத்திக்' என்னும் மலாய்ப் பெயர் வந்தது. தன்னியக்கத் தீக் கண்காணிப்பு முறை என்று தமிழில் கூறலாம். 1997 முதல் துறையின் பெயரோடு 'மீட்பு' என்னும் சொல்லும் சேர்ந்தது.

கள்வர்க் காவல் வேறு கிளையாயிற்று. 1971ஆம் ஆண்டின் தனியார் முகவர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற காவல் நிறுவனங்கள் அதனை ஏற்றன. தீச்செய்தி அரசுத் துறையை நாடும்; கள்வர்ச் செய்தி தனியார் நிலையத்தை நாடும். ஒரே கட்டடத்தின் இரு காதுகள் இரு வேறு ஆள்களுக்கு உரியன. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போகும் கள்வனை எக்காது முதலிற் கேட்கும் என்பது எளிதில் விடை காணும் கேள்வியன்று.

பொய்யழைப்பு

இவ்வளவு நுட்பம் பெற்ற அமைப்பைக் கெடுப்பது எது? பெருந்தீ அன்று; பல்லியும் பூச்சியும் தூசியும். உணரியின் சிற்றறைக்குள் ஒரு பூச்சி புகுந்தால் புகை என்று அது கருதும். சமையற்கூடத்து ஆவியும் அவ்வாறே. உலகில் இடிமின்னல் மிகுந்த நிலப்பகுதிகளுள் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை பெய்யும்போது மின் அதிர்ச்சியால் பலகைகள் கலங்குவது உண்டு. ஒரு திங்களில் பன்முறை பொய்யாக ஒலித்த மணிக்கு அடுத்த முறை யாரும் எழுவதில்லை. ஓநாய் வந்தது என்று கூவிய இடையனின் கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கிறோம். ஆனால் அக்கதையில் பழி இடையன்மீது. இங்கோ இடையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பல்லி ஓநாயாகத் தெரிகிறது.

பொய்யழைப்பால் சலித்த காவலர் செய்வது ஒன்றே. பலகையில் ஒலியை அடக்கும் பொத்தானை அழுத்திவிடுவர். சிலர் அம்மாடியின் சுற்றையே பிரித்துவைப்பர். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனைக் காண்பது பழகிப்போகும். அவர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. உணரிகளைத் துடைத்துச் சோதிக்கும் பராமரிப்புச் செலவை முதலில் குறைத்தவர் வேறொருவர். பன்னிரண்டு மணி நேரம் ஒருவரையே இருத்திவைத்து, அவரே வாகனங்களையும் வருவோரையும் பலகையையும் பார்க்கவேண்டும் என்று விதித்தவரும் வேறொருவர். புகைக்கூண்டுக் காவலர்க்கு இரண்டு வேலை, இவருக்கு மூன்று.

அந்நாற்காலியில் இருப்பவர் யார் என்று நோக்கினால் வரலாறு வட்டமாக வந்து நிற்பது புலப்படும். 1980களிலும் 1990களிலும் பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும், வீடமைப்புக்கும், தொழிற்பேட்டைக்கும் மாறின. அதற்கு முன்னரே தோட்டத் துண்டாடல் பலரைத் தெருவில் நிறுத்தியிருந்தது. அதனைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்கினார். லயம் நீங்கிய குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களிலும் சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் குடியேறின. பால்வெட்டு ஒன்றே அறிந்த நடுவயதினருக்கு நகரம் தந்த வேலைகளுள் ஒன்று காவலாளர் வேலை. இன்று அதில் நேப்பாளத்தவரும் பலர். மணியோசை கேட்டு ஓடிய தலைமுறையின் மக்கள், ஓசையை அடக்கும் பொத்தானின் அருகில் அமர்ந்தனர்.

செய்தி ஒவ்வொரு படியிலும் நுட்பம் பெற்றது. மணி 'ஆபத்து' என்றது. பாஸ்டன் பெட்டி 'இத்தெரு' என்றது. வட்டாரப் பலகை 'இம்மாடி' என்றது. ஒவ்வோர் உணரிக்கும் தனி முகவரி வைத்த இன்றைய பலகை 'இவ்வறை' என்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கேட்பவர் தொகை குறைந்தது. தோட்டம் முழுதும் கேட்டது போய், ஊர் கேட்டது. பின் நிலையம் கேட்டது. இப்போது ஒருவர் கேட்கிறார். அவ்வொருவர் உறங்கினால் அறையின் எண் தெரிந்து என்ன பயன்? கடைக்காரர் தம் கைப்பேசியிலேயே எச்சரிக்கை பெறும் முறையை இன்று பலர் போற்றுகின்றனர். அது செய்தி, காவல் அன்று. நள்ளிரவில் கைப்பேசியை அமைதி நிலையில் வைத்து உறங்குபவரைக் கௌடலியர் எந்தக் கணக்கில் வைத்திருப்பாரோ!

எட்டாத இடங்கள்

துணைவிதியின் 30.5 மீட்டர் அளவுகோல் ஈப்போவின் பழைய நகரத்தைத் தொடுவதில்லை. மரத்தளமும் மரப்படியும் உடைய இரண்டு மாடிக் கடைவீடுகள் அங்கு வரிசையாக நிற்கின்றன. பல இன்று காப்பிக்கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. அவற்றைக் காப்பது இன்றும் நூற்றாண்டுக்கு முந்திய செங்கல் இடைச்சுவரே.

ஆசிரியர்கள் மறத்தற்கரிய இடம் மற்றொன்று உண்டு. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியுமுன் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீ எழுந்து, மாணவரும் ஆசிரியருமாக 23 பேர் மாண்டனர். சன்னல்களில் இரும்புக் கம்பி. கும்பகோணத்தில் தீ மூண்டது பட்டப்பகலில். அருகிலேயே ஆள்கள் இருந்தனர். ஆகவே அங்குக் குறைந்தது செய்தி அன்று, வழி. எந்தத் தொலைநிலையத்துக்கும் அப்பள்ளியைக் காத்திருக்க இயலாது. கோலாலம்பூரிலோ உறக்கமும் இருளும் கம்பியும் சேர்ந்தன. அங்கே ஒரு புகையுணரியின் ஓசை சில நிமிடங்களைத் தந்திருக்கும். திறக்கும் சன்னல் ஒன்று அந்நிமிடங்களுக்குப் பயன் தந்திருக்கும். ஒன்றின்றி மற்றொன்று போதாது. கருவி விற்போர் முதலாவதை மட்டும் கூறுவர். கட்டுவோர் இரண்டையும் மறப்பர்.

பேராவில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டத்திலே தோன்றியவை அவற்றுட் பல. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றபின் எழுந்த பலகைக் கொட்டகைகளின் வழித்தோன்றல்கள் அவை. தோட்டம் அழிந்தபின் சில நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்து கல் கட்டடம் பெற்றன. பள்ளி மணி மின்மணியாயிற்று. பாடவேளை மாறவும் அதே மணி. தீப்பயிற்சிக்கும் அதே மணியாயின் பிள்ளைகள் எதனைக் கொண்டு வேறுபாடு அறிவர்? நெடுகிலும் நிறுத்தாது ஒலித்தால் தீ என்று கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. மூன்று விட்டொலியும் சற்றே இடைவெளியும் மாறிமாறி வருவதே வெளியேறுக என்னும் குறி என்று 1987இல் பன்னாட்டுத் தர அமைப்பு ஒரு முறையை வகுத்தது. இரண்டும் ஒரே கருத்தின. வேளையல்லாத வேளையில், வழக்கமல்லாத முறையில் ஒலிக்கவேண்டும்.

பயிற்சி நாளில் மணி அவ்வாறு ஒலிக்கும்போது, வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் திடலுக்கு நடத்திச் செல்வார். அங்கே வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு பெயராக அழைப்பார். தோட்டத்துப் பழையவர்கள் யாரேனும் வேலியோரம் நின்று அதைப் பார்த்தால், பெரட்டு என்றே சொல்வர்.